மாதேஷுக்கு லீவு வாங்கித் தந்த விதிகள்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப் போனது. ஐந்து பேருமே நன்றாக இருக்கிறார்கள். ஆறாவதாக இந்தக் கம்பெனியையும் நான்தான் வளர்த்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டு மாடியில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டருமாக இது தொடங்கியபோது அவர்களில் யார் கூட இருந்தார்கள்? நான் இருந்தேன்.

என் படிப்பைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊர் கௌதள்ளிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கன்னடத்தில் பஸ் போர்டு படிப்பேன். இங்கிலீஷில் எண்கள் தெரியும், என் பெயரைப் போடத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நந்தினி தட்டிக்கொண்டிருக்கிறாள்.

எதற்காகச் சொல்கிறேன் என்றால், போன மாதம் கம்பெனி விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பையன், சேர்ந்து இரண்டு மாதம் ஆனவன், சாப்பாட்டு நேரத்தில் புலம்பினான். "எவ்ளோ ரூல்ஸ் ஆண்ட்டி. ஒரு ஸ்பேஸ் தப்பா இருந்தாக்கூட கம்ப்யூட்டர் உள்ளே விடமாட்டேங்குது. என் புரோகிராம நான் எழுதக் கூடாதா?" அவனுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். பாயசம் வந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வேலை பிரிண்ட் ரூம். அன்றைக்கு ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமென்றால் அச்சடித்துத்தான் பார்ப்பார்கள். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாகப் பிரிண்டரில் ஏறி மடிப்பு மடிப்பாக இறங்கும். யாருடையது எது என்று பிரித்து, அடுக்கி, உரிய மேஜைக்குக் கொண்டு போவேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவளுக்கு எப்படிப் பிரிக்கத் தெரிந்தது என்று கேட்பீர்கள். பார்த்தாலே தெரியும். ஒருவர் எழுதினால் பக்கம் முழுவதும் படிக்கட்டு மாதிரி உள்ளே உள்ளே போகும். ஒருவர் வரிக்கு வரி இடம் விட்டு வீணாக்குவார். மாதேஷ் எழுதினால் எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல் கறுப்பாக இருக்கும்.

மாதேஷ் எங்கள் ஊர்ப் பையன். கௌதள்ளியில் அவன் அப்பா மாடு வைத்திருந்தார். ஹனூர் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குப் படித்து வந்த முதல் பிள்ளைகளில் ஒருவன். கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். என்னை முத்தக்கா என்பான். மைசூரில் ஒரு தனியார் பால் கம்பெனிக்கு நாங்கள் செய்து கொடுத்த புரோகிராமில் பெரும்பகுதி அவன் கைவேலை. பால் வேன் வெளியே போவதற்குக் கேட்டில் ஒரு சீட்டு காட்ட வேண்டும். அந்தச் சீட்டை அடித்துத் தருவது அவன் எழுதிய பகுதி.

அவனுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது கொள்ளேகாலத்தில், பெண் வீட்டில். அன்று காலைதான் பால் கம்பெனியில் சீட்டு ஏடாகூடமாக அடிக்க ஆரம்பித்தது. மைசூர் வேனுக்கு நஞ்சன்கூடு சீட்டு, நஞ்சன்கூடு வேனுக்கு வெறும் காகிதம். எங்கள் டீமுக்குத் தலைமை ஒரு மேடம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மாதேஷ் எழுதியதை விரித்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து என்னிடம் வந்தார்.

"முத்தம்மா, காரி அப்படின்னா என்ன?"

"கறுப்பு மாடுங்க மேடம்."

"செவலை?"

"செகப்பு மாடுங்க."

"மயிலை?"

"அது வெள்ளையுமில்லாம சாம்பலுமில்லாம இருக்குமுங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

மேடம் காகிதத்தை என் முன்னால் வைத்தார். "செவலை வந்துச்சான்னு பாரு, வந்திருந்தா காரியை அவிழ்த்துவிடு, இல்லேன்னா மயிலையைத் திருப்பு. இதான் எழுதியிருக்கான். இதுல எது வேன், எது ரூட், எது சீட்டு?"

அவன் வீட்டு மாடுகள் எனக்குத் தெரியும். எது வேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் மேனேஜர் ஒரு கன்னடக்காரர், ஆள் நல்லவர், ஆனால் அவசரக்காரர். "ஜீப் எடு. அவனை ஏத்திட்டு வரலாம்" என்றார். பெண் வீடு தெரிந்த ஆள் நான்தான். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் போய் நின்றபோது தட்டு மாற்றப் போகிற நேரம். மாதேஷ் பட்டு வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவன் முகம் விழுந்தது. பெண்ணின் அம்மா என்னைக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, அந்த ஆபீசுல இவரு ஒருத்தருதான் வேலை பாக்கறாருங்களா? மத்தவங்க எல்லாம் என்ன, சும்மா உக்காந்திருக்காங்களா?"

நான் என்ன சொல்ல? எல்லோரும் வேலை பார்க்கிறோம், மாட்டை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றா? தட்டை அவசர அவசரமாக மாற்றிவிட்டு, சாப்பிடாமல் ஜீப்பில் ஏறினான். பெண் மட்டும் வாசல் வரை வந்து, யாருக்கும் கேட்காதபடி அவனிடம் ஒன்று சொன்னாள். எனக்குக் கேட்டது. "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் ஆகும்னா இப்பவே சொல்லிருங்க."

ஆபீசுக்கு வந்து, சந்தனம் அழியாமல் உட்கார்ந்து, ஒரே இடத்தைத் தொட்டான். சரியாகிவிட்டது. மேனேஜர் அவன் முதுகில் தட்டி, "நீ இல்லேன்னா நாங்க இல்லப்பா" என்றார். மாதேஷ் பெருமையாகச் சிரித்தான். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"சந்தோஷப்படாதே மாதேஷ்," என்றார். "நீ இல்லேன்னா நாங்க இல்லேங்கறது உனக்குப் போட்ட மூக்கணாங்கயிறு. உனக்கு இனிமே லீவே கிடையாதுன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் மேடம் ஒரு வேலை செய்தார். ஒவ்வொருவர் எழுதியதிலிருந்தும் ஒரு பக்கம் எடுத்து, பெயரைக் கிழித்துவிட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டியது நான்தான். எல்லோரையும் கூப்பிட்டு, எது யாருடையது என்று கேட்டார். ஒரு நொடியில் சொல்லிவிட்டார்கள். பெருமை வேறு, கையெழுத்தைக் கண்டுபிடித்த மாதிரி. பிறகு, "இப்ப ஒவ்வொருத்தரும் அடுத்தவரோட பக்கம் என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்றார். யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து தொடங்கியது. பிள்ளைகளே, நீங்கள் நினைப்பது போல ஒரே நாளில் நடக்கவில்லை. அடைப்புக்குறியை வரி முடிவில் போடுவதா, அடுத்த வரியில் போடுவதா என்று படித்த பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வரியை உள்ளே தள்ள டேப் தட்டுவதா, ஸ்பேஸ் தட்டுவதா என்று ஒரு மாதம் ஒருவர் டிபன் பாக்ஸில் இன்னொருவர் கை வைக்கவில்லை. மேடம் எந்தக் கட்சியையும் எடுக்கவில்லை. "எது அழகுன்னு நான் கேக்கல. ஏதாவது ஒண்ணு போதும், அது எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்," என்றார். வரியை ஒழுங்காக நிறுத்த ஒரு புரோகிராம் கொண்டு வந்தார். தவறான இடத்தைச் சுட்டிக்காட்ட இன்னொன்று. அதற்கு லிண்ட் என்று பெயர். துணியில் ஒட்டுகிற பஞ்சுத் தூசிக்கு இங்கிலீஷில் அந்தப் பெயராம்.

அந்த லிண்டை முதல் முறை ஓட விட்ட நாள் என்னால் மறக்க முடியாது. எல்லா விதியையும் போட்டு, எல்லாப் பழைய புரோகிராமையும் கொடுத்து, குறைகளை அச்சடிக்கச் சொல்லிவிட்டார்கள். பிரிண்டர் நிற்கவே இல்லை. பெட்டி காலியாகி அடுத்த பெட்டி, அது காலியாகி அடுத்த பெட்டி. ரூம் முழுக்கக் காகிதம் வழிந்து, நான் கதவோரம் வந்து நின்றுவிட்டேன். மாதேஷ் எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, இதையெல்லாம் படிக்கறதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துருவானே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, அதில் ஒரு கட்டைக்கூடப் படிக்காமல் ஓரமாக வைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் குறை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நாலு விதியில் ஆரம்பிப்போம் என்று முடிவானது. அதில் ஒன்று, பெயர்கள். வேனுக்கு வேன் என்றுதான் பெயர். மாட்டுக்கு இங்கே இடமில்லை.

பழையதை ஒழுங்குபடுத்த ஒரு தனி நாள் வைத்தார்கள். முதலில் பெயர்களை மாற்றினார்கள், அப்புறம் வரிகளை அந்தப் புரோகிராமிடம் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். அந்த ஒரு நாள் யாரும் வேறு எதையும் திருத்தக் கூடாது, சின்னத் தப்பு கண்ணில் பட்டாலும் கை வைக்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நாளில் சுவரை இடிக்கக் கூடாது. இடித்தால், விரிசல் வெள்ளையடித்ததால் வந்ததா, இடித்ததால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு அதிகாரம் வந்தது. மேடம் என் ரூமுக்கு வந்து சொன்னார். "முத்தம்மா, யாரோட அச்சு வந்தாலும் கூடவே லிண்டோட அச்சும் வரும். கடைசி வரியில குறை எத்தனைன்னு இருக்கும், பூஜ்யம்னா என் மேஜைக்கு வரட்டும். பூஜ்யம் இல்லேன்னா எழுதினவங்க மேஜைக்கே போகட்டும். நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

பூஜ்யம் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த ஆபீசில் என்னைத் தாண்டித்தான் எதுவும் போகும். நீங்கள் பட்டனைத் தட்டினால் உள்ளே விடுவதா வேண்டாமா என்று இன்று ஒரு மெஷின் பார்க்கிறதே, அன்று அந்த மெஷின் நான்தான். புடவை கட்டியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாதேஷ்தான் அதிகம் மாட்டினான்.

"முத்தக்கா, ஒரே ஒரு வார்னிங்குங்க. எங்கியோ ஒரு இடத்துல இடைவெளி பத்தலையாம்."

"அப்ப இடைவெளி விட்டுட்டு வா, கண்ணு."

"புரோகிராம் ஓடுதுங்க்கா. ஓடற வண்டிய எதுக்குப் புடிச்சு நிறுத்தறீங்க?"

"கடைசி வரில ஒண்ணுன்னு இருக்குது. பூஜ்யமில்ல."

"நீங்க எங்கூருதானே?"

"அதனாலதான் மெதுவாச் சொல்றேன். வேற ஊர்க்காரனா இருந்தா தூக்கி அவன் மேஜைல போட்டிருப்பேன்."

முணுமுணுத்துக்கொண்டே போவான். ஆனால் மேடம் மேல் கோபம் வராது, என் மேலும் வராது. பூஜ்யம் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? இது நான் கண்ட பெரிய விஷயம். முன்பு மேடம், "இங்கே இடம் விடு" என்று சொன்னால் அது அவர் அவனைக் குறை சொன்னதாக ஆகும். இப்போது சண்டை போட ஆளே இல்லை. சரிபார்க்க உட்கார்ந்தால் வரி கோணலாக இருக்கிறதா என்று பேசாமல், புரோகிராம் என்ன செய்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள்.

கல்யாணம் ஆயிற்று. நல்லவேளை, அன்று எதுவும் கெடவில்லை. அடுத்த வருஷம் மாதேஷின் மனைவிக்குப் பிரசவம். கொள்ளேகாலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் பயமுறுத்தியிருந்தார். மாதேஷ் லீவு போட்டுவிட்டுப் போகும்போது என்னிடம் வந்தான். என் தம்பி அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான்.

"முத்தக்கா, ஒண்ணு சொல்றேன். எங்க மாமியார் முடிவாச் சொல்லிட்டாங்க. இந்தத் தடவையும் ஆபீசுன்னு எந்திரிச்சுப் போனா, திரும்பி வர வேண்டாம்னு. அவளும் ஒண்ணும் பேசல. பேசாம இருந்ததுதான் எனக்குப் பயமா இருக்குதுங்க."

"போயிட்டு வா, கண்ணு. அந்தப் புள்ள பக்கத்துலயே இரு."

"தம்பி பூத் நம்பர் உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்குதுங்க."

யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள் என்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் காலை, நான் பிரிண்டருக்குக் காகிதம் மாட்டிக்கொண்டிருந்தேன். பால் கம்பெனியிலிருந்து போன். புதிதாக ஒரு ரூட் அன்று ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த ரூட்டைக் கம்ப்யூட்டரில் சேர்த்ததும் எந்த வேனுக்கும் சீட்டு வரவில்லை. பாலை ஏற்றிக்கொண்டு வேன்கள் கேட்டுக்கு உள்ளே வரிசையாக நிற்கின்றன. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சீட்டில்லாமல் கேட் திறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

மேனேஜர் நேராக என் ரூமுக்கு வந்தார். அவர் என்னிடம் பேசினால் பாதி கன்னடம், பாதி தமிழ்.

"முத்தம்மா, மாதேஷ் நம்பர் குடு. பேக, பேக."

பேக என்றால் சீக்கிரம். நான் காகிதத்தை மாட்டி முடித்துவிட்டுத் திரும்பினேன். இந்த இடத்தில் நம்பர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிறையப் பேர் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பொய் சொன்னால் அப்போதைக்குத் தப்பிக்கலாம், அப்புறம் நாம் சொல்கிற எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்க வைக்க வேண்டியிருந்தது.

"நம்பர் இருக்குதுங்க சார். இல்லேன்னு சொல்லமாட்டேன். பால் எத்தனை மணி வரைக்கும் தாங்கும்னு கேட்டுச் சொல்லுங்க."

"ஏனம்மா நீனு? நான் நம்பர் கேட்டா நீ பால் கேக்கறே."

"கேளுங்க சார்."

மேடம் வந்துவிட்டார். அவரே பால் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். வேனில் ஐஸ் இருக்கிறது, பன்னிரண்டு வரை பயமில்லை என்றார்கள். அப்போது மணி பத்து.

"அப்படின்னா பதினொண்ணு வரைக்கும் மேடம் பாக்கட்டுங்க சார்," என்றேன். "பதினொண்ணு அடிச்சா நானே போன் போடறேன். என் கையால போடறேன்."

"பாக்கறது யாரு? அது மாதேஷ் கோட்."

மேடம் அவரைப் பார்த்தார். "அது மாதேஷ் எழுதின கோட் சார். இப்ப அது கம்பெனி கோட்."

மேனேஜர் என்னைப் பார்த்து, "ஏதாவது ஆச்சுன்னா நீயும் நாளைக்கு வர வேண்டாம்" என்றார். சரி என்றேன். ஐந்து பேரை வளர்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு மிரட்டலா?

மேடம் கூப்பிட்டது ரேகாவை. விதிகள் வந்த பிறகு சேர்ந்த மைசூர்ப் பெண், மாதேஷின் பகுதியில் ஒரு வரி கூட எழுதாதவள். வீட்டில் தமிழ், ஆனால் நாக்கில் கன்னடம்தான் முன்னால் வரும். அச்சை விரித்தாள். மேலிருந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். நான் கதவோரம் நின்று அவள் விரலையே பார்த்தேன். அது எங்கும் நிற்கவில்லை. முன்பு மேடத்தின் விரல் காரியிலும் செவலையிலும் முட்டி முட்டி நின்றதே, அது போல இல்லை. சாரதா விலாஸ் காலேஜில் படித்த பெண் தன் நோட்டைத் தானே படிப்பது போலப் போனாள்.

"ரூட் லிஸ்ட்... வேன் லிஸ்ட்... சீட்டு நம்பர்..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனவள் நின்றாள். "மேடம், இல்லி நோடி, இங்க பாருங்க. ரூட் இத்தனைக்கு மேல வராதுன்னு இங்க முடிவா எழுதியிருக்கு. இன்னிக்கு ஒண்ணு ஜாஸ்தி ஆகிடுச்சு அல்வா? அதான்."

அந்த 'அல்வா' கன்னட அல்வா. அல்லவா என்று அர்த்தம். ஆனாலும் என் வாயில் இனித்தது.

ஒரே வரியை மாற்றினாள். லிண்ட் ஓட்டினாள். கடைசி வரியில் பூஜ்யம். நான் பார்த்துத்தான் கொடுத்தேன், அந்த அவசரத்திலும். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வரி மாத்தினோம்னு நினைச்சுட்டு வேற எங்கேயாவது கை பட்டிருந்தா? வேன் எல்லாம் தப்பான ஊருக்குப் போகும். மாதேஷ் ஒரு தடவ பாக்கட்டும். நம்பர் குடு."

மேடம் ரேகாவிடம், "ஜன்னல்ல வை" என்றார்.

அது எங்கள் ஆபீஸ் வழக்கம். என் அலமாரியில் இருந்த பழைய அச்சை அடியில் வைத்து, புதியதை மேலே வைத்து, ஓரத்து ஓட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தால் வெயிலில் இரண்டும் தெரியும். வரி வரியின் மேல் உட்கார்ந்தால் மாற்றம் இல்லை. உட்காராத இடம் கறுப்பாக முந்திக்கொண்டு நிற்கும். விதி வருவதற்கு முன் இதைச் செய்து பார்த்ததுண்டு. ஒருவர் டேப் தட்ட, அடுத்தவர் ஸ்பேஸ் தட்ட, பக்கம் முழுக்கக் கறுப்பாகத்தான் தெரியும். எது திருத்தம், எது இடைவெளி என்று தெரியவே தெரியாது.

அவர்கள் ஜன்னலில் முதல் பக்கத்தைப் பிடித்தபோது கடிகாரம் பதினொன்று அடித்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான். போனை எடுத்து, நானே சுழற்றினேன். தம்பிதான் எடுத்தான்.

"டேய், மாதேஷ் எங்கடா?"

"ஆஸ்பத்திரிலதான்க்கா. அந்தப் புள்ளைய இப்பத்தான் ஆபரேஷன் ரூமுக்குக் கொண்டு போனாங்க. கதவுகிட்ட நிக்கறான். ஓடிப்போய்க் கூட்டிட்டு வரட்டா?"

கூட்டி வா என்று சொல்ல மனமில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் ரிசீவரை மேனேஜரிடம் நீட்டினேன்.

"நீங்களே சொல்லுங்க சார். பொண்ண இப்பத்தான் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிருக்காங்களாம். அவன் கதவுகிட்ட நிக்கறானாம். என் தம்பி லைன்ல இருக்கான். கூட்டிட்டு வான்னு சொன்னீங்கன்னா ஓடிப்போய்க் கூட்டிட்டு வருவான்."

அவர் வாங்கிக்கொண்டார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் என் தம்பி அலோ அலோ என்று கத்துவது எனக்கே கேட்டது. ஜன்னலில் மேடமும் ரேகாவும் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார். வெயில் காகிதத்தில் விழுந்து ரூமே வெளிச்சமாக இருந்தது. ஒரு பக்கம், அடுத்த பக்கம், எல்லா எழுத்தும் எழுத்தின் மேல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கறுப்பு.

"அவ்வளவுதான் சார்," என்றார் மேடம். "இந்த ஒரு வரி. வேற எங்கேயும் கை படல."

மேனேஜர் ரிசீவரை வாய்க்கு நேரே கொண்டு வந்தார்.

"ஏனூ இல்லப்பா," என்றார் போனில். "சும்மனே மாடிதே."

ஒன்றுமில்லை, சும்மாதான் போட்டேன் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "ரேகா, பிளாப்பி எடுத்துட்டு ஏறு பின்னாடி." அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு, பிளாப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாடிப்படியில் குதித்து இறங்கினாள். நான் பால்கனிக்கு ஓடினேன். எனக்கு ஓட்டம் வரும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஸ்கூட்டர் முனை திரும்பும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினால், மேடம் என் பிரிண்ட் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரேகா படிச்சுட்டா முத்தம்மா," என்றார். "பாத்தீங்களா, படிச்சுட்டா."

பன்னிரண்டுக்கு முன்பே பால் கம்பெனியிலிருந்து போன் வந்தது. முதல் வேன் கேட்டைத் தாண்டியதாம். பின்னாலேயே மற்றவையும்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது மறுபடி போன். மாதேஷ்.

"முத்தக்கா, பொட்டப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவன் கேட்டான். "காலைல ஆபீசுல இருந்து போன் வந்துச்சாமா?"

"ஆமா. மேனேஜர் சார் சும்மா போட்டாரு."

"அவரா? சும்மாவா?" நம்பவில்லை. "என்னுங்க கெட்டுப்போச்சு?"

"கேட் சீட்டு நின்னு போச்சு. சரி பண்ணியாச்சு."

"யாரு?"

"ரேகா."

"என் புரோகிராமையா?" என்றான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இருந்தவன், தன்னைக் கூப்பிடாததற்காக ஒரு கணம் வருத்தப்பட்டான். மனுஷ மனசு அப்படித்தான். அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்களுக்கும் அந்த வருத்தம் வரும். வந்தால் வெட்கப்படாதீர்கள்.

நாலு நாள் கழித்து ஆபீசுக்கு வந்தான். எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தான். பிறகு யாரிடமும் பேசாமல், ரேகா திருத்திய அச்சை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மேலிருந்து கீழ் வரை பார்த்தான். அவள் அவனுக்கு எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தான் பண்ணியிருக்கே," என்றான் கடைசியில். "நானா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்."

எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனான். கதவு திறந்திருந்தது, நான் வெளியே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், இன்னும் பத்து நாள் லீவு வேணுமுங்க."

"ஏய், இப்பத்தானே வந்தே?"

"வந்தனுங்க. பாத்தனுங்க. நான் இல்லாட்டியும் ஓடுதுங்க சார்." அவன் குரலில் அந்தப் பழைய வருத்தம் இல்லை. சிரித்தான். "என் கொழந்தை என் மூஞ்சியப் பாத்துக் கண்ணு முழிக்குது. அதை விட்டுட்டு இங்க எதுக்குங்க நிக்கோணும்?"

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை மாடிப்படியில் இறங்கிப் போன வேகத்தை நான் பார்த்தேன். நிச்சயதார்த்தத்தன்று ஜீப்பில் ஏறிய அதே ஆள்தான். நடை மட்டும் வேறு.

பாயசத்தோடு புலம்பிய பையனுக்கு இதுதான் பதில். உன் புரோகிராமை நீ எழுதலாம், தம்பி. ஆனால் உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டு நாங்கள் அதைப் படிக்க முடிய வேண்டும். அந்த ஒரு ஸ்பேஸ் உன்னை அடக்க வந்ததில்லை. என்றைக்கோ ஒரு நாள் நீ யாருடைய பக்கத்திலாவது நிற்க வேண்டியிருக்கும். அன்று இங்கே யாரும் உன்னைத் தேடக் கூடாது. அதற்கு வந்தது.

போதும் நந்தினி, கையை எடு. தண்ணி குடிச்சுட்டு வா. அப்புறம் ஆரம்பத்துல இருந்து எனக்கு ஒரு தடவை வாசி, கண்ணு. மெதுவா வாசி. நான் எங்கியும் போகப் போறதில்ல.